வேர்ட் மென்பொருளில் பலர் தொடாத வசதிகள்: சங்க, ஆலய, பள்ளி வேலைகளுக்குக் கைகொடுப்பவை

ஆண்டுப் பொதுக்கூட்டம் நெருங்கிவிட்டால் சங்கச் செயலாளரின் வீட்டில் கணினி நள்ளிரவு வரை அணைவதில்லை. கூட்ட அறிக்கை, கணக்கறிக்கை, உறுப்பினர் பட்டியல், அழைப்புக் கடிதங்கள், நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதங்கள் என எல்லாமே பெரும்பாலும் ஒரே மென்பொருளில்தான் தயாராகின்றன. மலேசியாவில் 1966ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்ற அமைப்புகள், பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவிடம் ஒப்படைக்க வேண்டும். கடைசி நேரத்தில் கோப்பு காணாமல் போனாலோ, தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக மாறினாலோ வரும் பதற்றம் பல பொறுப்பாளர்களுக்குப் பழகிய ஒன்று.

மைக்ரோசாஃப்ட் வேர்ட் 1983இல் முதன்முதலாக வெளிவந்தது. விண்டோஸுக்கான பதிப்பு 1989இல் வந்தது. 2007ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பழைய பட்டியல்கள் நீங்கி, மேலே பட்டையாகத் தெரியும் இன்றைய அமைப்பு அறிமுகமானது. இத்தனை ஆண்டுகளாகக் கையாண்டும் பலர் அதை ஒரு தட்டச்சு இயந்திரமாகவே நடத்துகிறார்கள். இடம் விட ஸ்பேஸ், அடுத்த பக்கம் போக எண்டர், தலைப்புக்குத் தடித்த எழுத்து என்ற அளவில் வேலை முடிந்துவிடுகிறது. மணிக்கணக்கில் நேரம் வீணாவதும், வெளியே போகக் கூடாத தகவல் வெளியே போவதும் இந்தப் பழக்கத்தால்தான்.

சங்கம், ஆலயம், தமிழ்ப்பள்ளி ஆகியவற்றின் எழுத்து வேலைகளுக்கு உண்மையாகவே உதவும் வசதிகள் கீழே தொகுக்கப்பட்டுள்ளன. பொத்தான்களின் பெயர்கள் விண்டோஸில் இயங்கும் ஆங்கிலப் பதிப்பில் உள்ளபடி தரப்பட்டுள்ளன. மேக் கணினியிலும் பழைய பதிப்புகளிலும் சில பெயர்களும் இடங்களும் மாறலாம்.

1. சேமிக்காமல் மூடிய கோப்பை மீட்பது

'சேமிக்கவா?' என்று கேட்கும்போது அவசரத்தில் 'வேண்டாம்' என்று அழுத்திவிடுவது எல்லாருக்கும் நேர்வது. உடனே மனம் தளர வேண்டியதில்லை. 'ஃபைல்' பகுதியில் 'இன்ஃபோ' என்பதைத் திறந்து, 'மேனேஜ் டாக்குமெண்ட்' பொத்தானை அழுத்தினால் 'ரிகவர் அன்சேவ்டு டாக்குமெண்ட்ஸ்' என்ற வழி தெரியும். பெயர் வைத்துச் சேமிக்காமல் விட்ட கோப்புகளின் தற்காலிகப் பிரதிகள் அங்கே இருக்கக்கூடும். அவை நிரந்தரமாக அங்கேயே கிடப்பதில்லை. ஆகவே தவறு நடந்தது தெரிந்தவுடன் தேடுவது நல்லது.

இந்தத் தற்காலிகப் பிரதியை வேர்ட் வழக்கமாக 10 நிமிடத்திற்கு ஒருமுறை எடுக்கிறது. 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' என்று போய் அந்த 10ஐ 2 அல்லது 3 என மாற்றிக்கொள்ளலாம். மின்சாரம் தடைப்பட்டால் இழப்பது இரண்டு மூன்று நிமிட வேலையாக மட்டுமே இருக்கும். அதே 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு' என்பதன் கீழே 'ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி' என்ற கட்டம் உண்டு. அதில் குறியிட்டுவிட்டால், ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அதற்கு முந்தைய வடிவம் தனிக் கோப்பாகப் பக்கத்திலேயே நிற்கும்.

கோப்பு ஒன்டிரைவ் சேமிப்பில் இருந்தால் வேர்ட் தானாகவே சேமித்துக்கொண்டே போகும். 'இன்ஃபோ' பகுதியில் உள்ள 'வெர்ஷன் ஹிஸ்டரி' மூலம் நேற்றைய வடிவத்தையும் திறந்து பார்க்கலாம். ஆனால் இதில் ஒரு பொறி உள்ளது. சென்ற ஆண்டு அறிக்கையைத் திறந்து, அதன் மேலேயே இந்த ஆண்டுத் தகவலை எழுதத் தொடங்கினால், பழைய அறிக்கை சத்தமில்லாமல் மாறிவிடும். எழுதத் தொடங்கும் முன்பே 'சேவ் எ காப்பி' கொடுத்துப் புதுப் பெயர் வைத்துவிட வேண்டும்.

2. தமிழுக்காகக் கவனிக்க வேண்டிய அமைப்புகள்

தமிழும் ஆங்கிலமும் மலாயும் கலந்த கடிதத்தில் எழுத்தளவை மாற்றினால், சில வேளை ஒரு மொழி மட்டும் மாறி மற்றொன்று அப்படியே நிற்கும். இது கணினியின் கோளாறு அன்று. ஆங்கில, மலாய் எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவையும், தமிழ் போன்ற எழுத்துகளுக்கு மற்றோர் எழுத்துருவையும் வேர்ட் தனித்தனியாக நினைவில் வைத்திருக்கிறது. கண்ட்ரோல் விசையுடன் டி எழுத்தை அழுத்தினால் திறக்கும் பெட்டியில் 'லத்தீன் டெக்ஸ்ட்' என்றும் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்றும் இரண்டு பகுதிகளைக் காணலாம். தமிழுக்கு உரியது இரண்டாவது. இரண்டிலும் எழுத்துருவையும் அளவையும் தேர்ந்தெடுத்துவிட்டால் குழப்பம் தீரும். அந்தப் பகுதி தெரியாவிட்டால் 'ஆப்ஷன்ஸ்', 'லாங்குவேஜ்' என்று போய்த் தமிழைச் சேர்க்க வேண்டும்.

தமிழ்ச் சொற்களின் கீழே வரிசையாகச் சிவப்புக் கோடு ஓடுவது இன்னொரு தொல்லை. வேர்ட் அந்த வரியை ஆங்கிலம் என்று எண்ணிச் சரிபார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். வரிகளைத் தேர்ந்தெடுத்து, 'ரிவியூ', 'லாங்குவேஜ்', 'செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ்' என்று போய்த் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். கோடே வேண்டாம் என்றால் அதே பெட்டியில் எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம் என்ற கட்டத்தில் குறியிடலாம்.

அச்சகத்திற்குக் கோப்பை அனுப்பிய பிறகு, 'எழுத்து எல்லாம் மாறித் தெரிகிறது' என்று தொலைபேசி வருவது வழக்கம். அச்சகத்தின் கணினியில் அந்த எழுத்துரு இல்லாததுதான் காரணம். 'ஆப்ஷன்ஸ்', 'சேவ்' பகுதியின் அடியில் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் த ஃபைல்' என்ற கட்டம் உள்ளது. அதைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துருவும் கோப்போடு சேர்ந்தே பயணம் செய்யும். எல்லா எழுத்துருவும் இதற்கு இடம் கொடுப்பதில்லை. ஆகவே வேர்ட் கோப்போடு பிடிஎஃப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புவது பாதுகாப்பு. எது சரியான வடிவம் என்பது அச்சகத்தாருக்கும் தெரியும்.

பழைய ஆண்டு மலர்களைத் திறந்தால் தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் குறிகளும் வருவது வேறு வகைச் சிக்கல். யூனிகோட் பரவும் முன்பு ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டு முறையை வைத்திருந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் அக்காலத்தில் இரு நாடுகளிலும் பலர் பயன்படுத்திய மென்பொருள். விண்டோஸ் 2000 பதிப்பில் லதா எழுத்துரு சேர்க்கப்பட்ட பிறகே யூனிகோட் தமிழ் சாதாரணக் கணினிகளுக்கு வந்தது. பழைய குறியீட்டில் உள்ள கோப்புக்கு வெறுமனே எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. அதற்குரிய மாற்றியின் வழியாக யூனிகோடுக்குக் கொண்டுவர வேண்டும். பழைய கோப்புகளை வைத்திருக்கும் சங்கங்கள் இந்த வேலையைத் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. அந்த எழுத்துரு எது என்று தெரிந்தவர் இல்லாமல் போனால் மீட்பது கடினமாகிவிடும்.

3. தலைப்புக்கு 'ஸ்டைல்': உள்ளடக்கம் தானாக வரும்

நாற்பது பக்க ஆண்டறிக்கையில் உள்ளடக்கப் பக்கத்தைக் கையால் அடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இடையில் ஒரு பக்கம் கூடினால் எல்லா எண்களையும் திருத்த வேண்டிவரும். தலைப்புகளைத் தடித்த எழுத்தாக மட்டும் மாற்றாமல், 'ஹோம்' பகுதியில் உள்ள 'ஹெடிங் 1', 'ஹெடிங் 2' என்ற பாணிகளைக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. கண்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் 1 அல்லது 2ஐ அழுத்தினாலும் போதும்.

பாணியின் நிறமும் அளவும் பிடிக்கவில்லையென்றால், ஒரு தலைப்பை விரும்பியபடி அமைத்துவிட்டு, 'ஹெடிங் 1' மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து 'அப்டேட் ஹெடிங் 1 டு மேட்ச் செலெக்ஷன்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தப் பாணியில் உள்ள எல்லாத் தலைப்புகளும் ஒரே நொடியில் அதே தோற்றத்துக்கு மாறிவிடும்.

பிறகு 'ரெஃபரென்சஸ்' பகுதியில் 'டேபிள் ஆஃப் கண்டெண்ட்ஸ்' கொடுத்தால் உள்ளடக்கம் பக்க எண்ணோடு வந்து நிற்கும். அறிக்கை மாறினால் அதன் மேல் சொடுக்கி எஃப்9 விசையை அழுத்தினால் எண்கள் திருந்தும். இதைத் தானாகச் செய்யும் என்று நம்பி அச்சுக்கு அனுப்பிவிடக் கூடாது. கடைசியாக ஒருமுறை எஃப்9 அழுத்துவது செயலாளரின் வேலை.

பாணி கொடுத்ததால் இன்னொரு பயனும் உண்டு. 'வியூ' பகுதியில் 'நேவிகேஷன் பேன்' என்பதில் குறியிட்டால் இடப்பக்கத்தில் எல்லாத் தலைப்புகளும் பட்டியலாகத் தெரியும். ஒரு தலைப்பைச் சொடுக்கினால் அந்தப் பக்கத்துக்குத் தாவலாம். தலைப்பைப் பிடித்து மேலே இழுத்தால், அதன் கீழுள்ள பத்திகள் அனைத்தும் கூடவே இடம் மாறும். பொருளாளர் அறிக்கையைத் தலைவர் உரைக்குப் பின்னால் கொண்டுபோக வெட்டி ஒட்ட வேண்டியதில்லை.

4. தேடி மாற்றுவதில் உள்ள வல்லமையும் ஆபத்தும்

வாட்ஸ்அப்பிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் வரும் கட்டுரைகளில் பத்திகளுக்கு இடையே வெற்று வரிகள் குவிந்திருக்கும். கண்ட்ரோலுடன் எச் எழுத்தை அழுத்தி, 'மோர்', 'ஸ்பெஷல்' என்று போனால் 'பேரகிராஃப் மார்க்' என்ற குறியைத் தேர்ந்தெடுக்கலாம். தேடும் கட்டத்தில் அதை இரண்டு முறையும், மாற்றும் கட்டத்தில் ஒரு முறையும் வைத்து 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் வெற்று வரிகள் குறையும். மாற்ற எதுவுமில்லை என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப அழுத்தலாம்.

ஒவ்வொரு வரியின் முடிவிலும் உடைந்து நிற்கும் கட்டுரைக்கு மூன்று படி போதும். முதலில் இரட்டைப் பத்திக் குறிகளை, கட்டுரையில் எங்கும் வராத ## போன்ற அடையாளமாக மாற்ற வேண்டும். அடுத்து எஞ்சிய ஒற்றைக் குறிகளை ஓர் இடைவெளியாக மாற்ற வேண்டும். கடைசியில் ## அடையாளத்தை மீண்டும் பத்திக் குறியாக்கினால் பத்திகள் ஒழுங்காக வந்துவிடும். வரி முடிவில் பத்திக் குறிக்குப் பதிலாக வளைந்த அம்பு தெரிந்தால், அது 'மேனுவல் லைன் பிரேக்'. அதையும் 'ஸ்பெஷல்' பட்டியலிலேயே எடுக்கலாம். இந்தக் குறிகள் கண்ணுக்குத் தெரிய கண்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

தமிழில் சொல்லைத் தேடி மாற்றும்போது தனிக் கவனம் தேவை. 'சங்கம்' என்பதைக் 'கழகம்' என மாற்றச் சொன்னால் 'சங்கத்தின்', 'சங்கத்தில்' ஆகியவை மாறாமல் நிற்கும். உருபு சேரும்போது சொல்லின் முடிவு மாறிவிடுகிறது அல்லவா? அதற்காகச் 'சங்க' என்று குறுக்கித் தேடி, 'கழக' என மாற்ற 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தால் 'சங்கடம்' கூடக் 'கழகடம்' ஆகிவிடும். சங்க இலக்கியம் கழக இலக்கியம் ஆகிவிடும். தமிழ் வரிகளில் 'ஃபைண்ட் நெக்ஸ்ட்' கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுவதே சரி.

5. இருநூறு கடிதம், ஒரே கோப்பு

பரிசளிப்பு விழாவுக்கு 200 சான்றிதழ்களில் மாணவர் பெயரை ஒவ்வொன்றாக அடிக்கும் ஆசிரியருக்கு 'மெயில் மெர்ஜ்' தெரிந்தால் அந்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பெயர், வகுப்பு, பரிசு எனத் தலைப்பிட்ட எக்செல் பட்டியல் ஒன்று வேண்டும். முதல் வரி தலைப்புகளாக இருக்க வேண்டும். நடுவில் வெற்று வரி இருக்கக் கூடாது.

சான்றிதழின் மாதிரியை வேர்டில் திறந்து, 'மெயிலிங்ஸ்' பகுதியில் 'ஸ்டார்ட் மெயில் மெர்ஜ்', 'லெட்டர்ஸ்' என்று தேர்ந்தெடுக்கலாம். 'செலெக்ட் ரெசிப்பியண்ட்ஸ்' வழியாக எக்செல் பட்டியலைக் காட்டி, பெயர் வர வேண்டிய இடத்தில் 'இன்செர்ட் மெர்ஜ் ஃபீல்டு' கொடுத்தால் போதும். 'ப்ரிவியூ ரிசல்ட்ஸ்' அழுத்தி நான்கைந்து பெயர்களைப் பார்த்த பிறகு, 'ஃபினிஷ் அண்ட் மெர்ஜ்', 'எடிட் இண்டிவிஜுவல் டாக்குமெண்ட்ஸ்' கொடுக்கலாம். 200 சான்றிதழ்களும் ஒரே கோப்பாக வரும். நேரே அச்சிடாமல் இப்படிக் கோப்பாக எடுத்துப் பார்த்தால், நீண்ட பெயர்கள் இரண்டாம் வரிக்கு இறங்கியிருப்பதை முன்னமே கண்டு திருத்தலாம்.

இதில் இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. எக்செலில் தொலைபேசி எண்ணை எண்ணாக அடித்தால் முன்னால் உள்ள பூஜ்யம் மறைந்துவிடும். அந்தப் பத்தியை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிட்டு அடிக்க வேண்டும். முகவரி ஒட்டுத்தாள் தயாரிப்பவர்கள் முதல் கட்டத்தை அமைத்த பிறகு 'அப்டேட் லேபிள்ஸ்' அழுத்த மறந்துவிடுகிறார்கள். அதை அழுத்தினால்தான் மற்றக் கட்டங்களுக்கும் அதே அமைப்பு செல்லும்.

6. வெளியே போகக் கூடாதவை

கூட்டக் குறிப்பைப் பலர் திருத்தும்போது 'ரிவியூ' பகுதியில் உள்ள 'ட்ராக் சேஞ்சஸ்' நல்ல துணை. யார் எதை நீக்கினார், எதைச் சேர்த்தார் என்பது நிறத்தோடு தெரியும். ஆனால் திருத்தங்களைத் திரையில் மறைக்க 'நோ மார்க்கப்' என்று தேர்ந்தெடுப்பவர்கள், அவை அழிந்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்கள். அவை கோப்புக்குள் அப்படியே இருக்கும். பெறுபவர் ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் பார்க்கலாம். ஓர் உறுப்பினரைப் பற்றிச் செயலவையில் பேசி, பின்னர் நீக்கிய வரி, அந்த உறுப்பினரின் கைக்கே போய்ச் சேர்ந்தால் சங்கத்தின் மானம் கப்பலேறும்.

கோப்பை அனுப்பும் முன் ஒரு பிரதி எடுத்து, அதில் 'ஃபைல்', 'இன்ஃபோ', 'செக் ஃபார் இஷ்யூஸ்', 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' என்று போக வேண்டும். எஞ்சிய குறிப்புகள், திருத்தங்கள், எழுதியவர் பெயர், மறைக்கப்பட்ட வரிகள் ஆகியவற்றை அது தேடிக் காட்டும். வேண்டாதவற்றை அங்கேயே நீக்கலாம். நீக்கியதை எல்லாம் திரும்பப் பெற முடியாது என்பதால்தான் பிரதி எடுத்துச் செய்ய வேண்டும்.

அடையாள அட்டை எண்ணின் மேல் கறுப்பு நிறம் பூசி மறைப்பதும் ஆபத்தானது. அச்சிட்ட தாளில் அது கறுப்பாகத் தெரியும். ஆனால் கோப்பாக அனுப்பினால், அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டினாலே எண் வெளிப்பட்டுவிடும். பிடிஎஃப் ஆக மாற்றினாலும் இதே கதைதான். மறைக்க வேண்டிய எண்ணை அழித்துவிட்டு, அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகளை அடிப்பதுதான் வழி. உறுப்பினர் பட்டியலை முழுமையாக அனுப்பியே ஆக வேண்டுமானால் 'இன்ஃபோ', 'ப்ரொடெக்ட் டாக்குமெண்ட்', 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட்' வழியாகக் கடவுச்சொல் இடலாம். அந்தச் சொல்லை மறந்தால் கோப்பைத் திறக்க இயலாது. அதை அதே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினால் பூட்டியும் பயனில்லை.

ஒருவர் திருத்தங்களைக் குறிக்காமலே கோப்பை மாற்றி அனுப்பியிருந்தால், 'ரிவியூ' பகுதியில் 'கம்பேர்' கைகொடுக்கும். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் காட்டினால், வேறுபாடுகள் அனைத்தையும் மூன்றாவது கோப்பில் குறித்துத் தரும். சட்டவிதித் திருத்தம், மண்டப வாடகை ஒப்பந்தம் போன்றவற்றில் கையெழுத்திடும் முன் இதைச் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

7. கணக்கறிக்கையும் அட்டவணைகளும்

நன்கொடையாளர் பட்டியல் ஐந்தாறு பக்கம் நீண்டால், இரண்டாம் பக்கத்திலிருந்து எந்தப் பத்தி எதைக் குறிக்கிறது என்று தெரியாது. அட்டவணையின் முதல் வரியில் கர்சரை வைத்து, அட்டவணைக்குரிய 'லேஅவுட்' பகுதியில் 'ரிப்பீட் ஹெடர் ரோஸ்' அழுத்தினால் ஒவ்வொரு பக்கத்திலும் தலைப்பு வரி தானாக வரும்.

வாட்ஸ்அப்பில் 'பெயர், ஊர், தொகை' எனக் காற்புள்ளியிட்டு வந்த பட்டியலை மறுபடி அடிக்க வேண்டியதில்லை. வேர்டில் ஒட்டி, முழுவதையும் தேர்ந்தெடுத்து, 'இன்செர்ட்', 'டேபிள்', 'கன்வெர்ட் டெக்ஸ்ட் டு டேபிள்' கொடுத்து, பிரிக்கும் குறி காற்புள்ளி என்று சொன்னால் அட்டவணை தயார்.

மொத்தத் தொகையையும் வேர்டே கூட்டித் தரும். கடைசிக் கட்டத்தில் கர்சரை வைத்து 'லேஅவுட்', 'ஃபார்முலா' அழுத்தினால், மேலுள்ள எண்களைக் கூட்டும் சூத்திரம் பொதுவாகத் தயாராகவே வந்து நிற்கும். வெற்றுக் கட்டம் இருந்தால் 0 என்று நிரப்ப வேண்டும். பத்தியின் தலைப்பில் 2024 என்ற ஆண்டு மட்டும் இருந்தால் அதையும் தொகையோடு சேர்த்துக் கூட்டிவிடக்கூடும். இரண்டாயிரத்துச் சொச்சம் ரிங்கிட் கணக்கில் கூடுதலாக வந்தால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். எண்ணை மாற்றினால் மொத்தம் தானாக மாறாது. அதன் மேல் வைத்து எஃப்9 அழுத்த வேண்டும். பெரிய கணக்குகளுக்கு எக்செல்தான் ஏற்றது.

அட்டவணையோடு கோப்பு முடிந்தால், கடைசியில் நீக்க முடியாத ஒரு வெற்றுப் பக்கம் வந்து நிற்பதுண்டு. அட்டவணைக்குப் பின் ஒரு பத்திக் குறி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதே காரணம். அந்தக் குறியைத் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 என மாற்றினால் பெரும்பாலும் அந்தப் பக்கம் மறையும்.

8. மலருக்கான படங்கள்

கட்டுரையாளர்கள் படங்களை வேர்ட் கோப்புக்குள் ஒட்டியே அனுப்புகிறார்கள். மலர்க் குழுவினர் அவற்றைத் திரையில் படம் பிடித்து எடுத்தால் தரம் குறைந்துவிடும். இன்றைய வேர்ட் கோப்பு உண்மையில் சுருக்கிக் கட்டிய ஒரு பொட்டலம். கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, பெயரின் இறுதியில் உள்ள டி-ஓ-சி-எக்ஸ் என்ற நான்கு எழுத்துகளை இசட்-ஐ-பி என மாற்றித் திறந்தால், 'வேர்ட்' என்ற உறையும் அதற்குள் 'மீடியா' என்ற உறையும் இருக்கும். எல்லாப் படங்களும் தனித்தனிக் கோப்பாக அங்கே கிடைக்கும். அந்த இறுதி எழுத்துகள் கண்ணுக்குத் தெரியாவிட்டால், விண்டோஸ் கோப்புச் சாளரத்தின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சேமிக்கும்போது வேர்ட் படங்களைச் சுருக்குவதும் உண்டு. அச்சுக்குப் போகும் கோப்பு என்றால், படங்களைச் சேர்க்கும் முன்பே 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்டு' பகுதியில் 'டூ நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்' என்ற கட்டத்தில் குறியிட வேண்டும். மூலப் படத்தைத் தனியாகக் கேட்டு வாங்குவது அதைவிடச் சிறந்தது.

9. கைக்கு வர வேண்டிய சில விசைகள்

• எஃப்4: கடைசியாகச் செய்த செயலை மீண்டும் செய்யும். ஒரு கட்டத்துக்கு நிறம் பூசிவிட்டு, அடுத்தடுத்த கட்டங்களில் எஃப்4 மட்டும் அழுத்தலாம்.

• ஷிஃப்ட், எஃப்5: கடைசியாகத் திருத்திய இடத்துக்கு அழைத்துச் செல்லும். மறுநாள் கோப்பைத் திறந்தவுடனும் பயன்படும்.

• ஆல்ட், ஷிஃப்ட், மேல் அல்லது கீழ் அம்பு: கர்சர் இருக்கும் பத்தியை மேலும் கீழும் நகர்த்தும். நிகழ்ச்சி நிரலை வரிசை மாற்ற ஏற்றது.

• கண்ட்ரோல், எண்டர்: நேரே அடுத்த பக்கம் தொடங்கும். எண்டரைப் பல முறை தட்ட வேண்டாம்.

• கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ்: பிரியாத இடைவெளி தரும். 'ரிம' ஒரு வரியிலும் '500' அடுத்த வரியிலும் போகாது. முன்னெழுத்தும் பெயரும் பிரியாமல் இருக்கவும் உதவும்.

• ஆல்ட் விசையைப் பிடித்தபடி சுட்டியை இழுத்தால் செங்குத்தாகத் தேர்ந்தெடுக்கலாம். ஒட்டிய பட்டியலின் முன்னால் உள்ள எண்களை மட்டும் நீக்க வசதி.

• இணையத்திலிருந்து ஒட்டும்போது வலப்பக்கச் சொடுக்கில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' தேர்ந்தெடுத்தால் நிறமும் பின்னணியும் ஒட்டாது.

• 'ஃபார்மட் பெயிண்டர்' தூரிகையை இருமுறை சொடுக்கினால், எஸ்கேப் அழுத்தும் வரை பல இடங்களில் அதே தோற்றத்தைப் பூசலாம்.

• ஆல்ட், க்யூ: புதிய பதிப்புகளில் மேலே உள்ள தேடல் பெட்டிக்குச் செல்லும். எந்த வசதி எங்கே என்று தெரியாவிட்டால் அதன் பெயரை அங்கே அடிக்கலாம்.

சில மடிக்கணினிகளில் எஃப் விசைகள் வேலை செய்ய, கீழே உள்ள எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

இவை அனைத்தையும் ஒரே நாளில் பழக வேண்டியதில்லை. இன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு: தற்காலிகச் சேமிப்பின் இடைவெளியைக் குறைப்பது, கோப்பு வெளியே போகும் முன் 'இன்ஸ்பெக்ட் டாக்குமெண்ட்' பார்ப்பது. அடுத்த அறிக்கையில் தலைப்புகளுக்குப் பாணி கொடுத்துப் பழகலாம். அடுத்த விழாவுக்கு மெயில் மெர்ஜ் முயலலாம். வேர்ட் வாங்க இயலாத அமைப்புகளுக்கு லிப்ரே ஆஃபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. பாணி, தானியங்கி உள்ளடக்கம், திருத்தக் குறிப்பு, மெயில் மெர்ஜ் ஆகிய அனைத்தும் அதிலும் உண்டு. கூகள் டாக்ஸிலும் பழைய வடிவங்களைத் திரும்பப் பார்க்கும் வசதி உள்ளது.

சங்கப் பொறுப்பு ஆளுக்கு ஆள் மாறும். புதிய செயலாளர் பழைய கோப்பைத் திறக்கும்போது எழுத்து தெரிய வேண்டும், தலைப்புகள் ஒழுங்காக இருக்க வேண்டும், எது இறுதி வடிவம் என்பது விளங்க வேண்டும். இரண்டு ஆண்டு பதவிக் காலத்தில் ஒருவர் இந்தப் பழக்கங்களை ஏற்படுத்திவிட்டுப் போனால், அடுத்து வருபவர் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது.